புயலுக்கு முன்பே பிள்ளைகளை எண்ணுவோம்

(பருவமழைக்கு முன் நடந்த மஹல்லாப் பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, ரமளான் மாதத்து அரிசிப் பங்கீடு ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவோம். இன்று வேறொரு காரியத்துக்காக உங்களை அழைத்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. அதற்குள் நம் மஹல்லாவின் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து, அங்கே எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், புயலோ வெள்ளமோ கடும் வெயிலோ வந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நேரலாம் என்று கணக்கெடுக்க விரும்புகிறோம். அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். ஏன் இந்தக் கணக்கு, எப்படி எடுப்பது, எடுத்த பிறகு என்ன செய்வது என்பதை விளக்குவதே இந்தப் பேச்சின் நோக்கம்.

நாம் தீவில் வாழ்கிறோம். பாம்பன் பாலம் வந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால் அது நமக்குப் பல நேரம் மறந்துபோகிறது. 1914-ல் ரயில் பாலம் வந்தது. 1988-ல் சாலைப் பாலம் வந்தது. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலமும் திறக்கப்பட்டுவிட்டது. இருந்தாலும், காற்று பலமாக அடிக்கும்போது முதலில் நிற்பது பாலத்துப் போக்குவரத்துதான். கரையில் உள்ள ஊர்க்காரர் எச்சரிக்கை கேட்டதும் நாலு திசையில் ஏதாவதொரு திசைக்குப் போகலாம். நமக்கு இருப்பது ஒரே வாசல். அந்த வாசல் அடைபட்ட பிறகு தண்ணீர், மருந்து, பால் மாவு, டீசல் எல்லாமே தீவுக்குள் இருப்பதை வைத்துத்தான் ஓட வேண்டும். ஆகவே தீவில் வாழ்பவன் இரண்டு நாள் முன்னதாக யோசிக்க வேண்டியவன்.

1964 டிசம்பர் 22 இரவைப் பற்றி இங்கே உள்ள பெரியவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அன்று தனுஷ்கோடி ஓர் ஊராக இருந்தது. ரயில் நிலையம், பள்ளிக்கூடம், தபால் அலுவலகம், சுங்க அலுவலகம், இலங்கைக்குக் கப்பல் எல்லாம் இருந்தன. அந்த இரவில் கடல் ஊருக்குள் வந்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் அடித்துச் செல்லப்பட்டது. அதன் பிறகு அந்த ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசாங்கமே அறிவித்தது. சேதமடைந்த பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் அவர்கள் தலைமையில் 46 நாளில் செப்பனிட்டுவிட்டார்கள். தனுஷ்கோடி என்ற ஊரோ அறுபது ஆண்டு கழிந்தும் திரும்பி வரவில்லை. இரும்பைச் சீக்கிரம் சரிசெய்துவிடலாம், கலைந்துபோன குடும்பத்தை அப்படிச் சரிசெய்ய முடியாது.

நம் தீவில் பிறந்த மேதகு அப்துல் கலாம் அவர்கள், தம் தந்தையாரின் படகைப் புயல் கொண்டுபோனதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்கள். ஒரு படகு போனால் ஒரு வீட்டின் வருமானம் போகிறது. வருமானம் போன வீட்டில் அடுத்து நிற்பது பிள்ளையின் படிப்பு. புயல் என்றதும் காற்றும் அலையும் மட்டும் நம் கண்ணில் படுகின்றன. ஆனால் பிள்ளைகளுக்கு வரும் ஆபத்து, புயல் போய் ஆறு மாதம் கழித்தும் வீட்டுக்குள் இருந்துகொண்டிருக்கும்.

“எல்லாம் தக்தீர், எழுதினபடி நடக்கும், கணக்கெடுத்து என்ன ஆகப்போகிறது?” என்று நம்மில் சிலர் கேட்கலாம். இந்தக் கேள்வியை நாம் ஒதுக்கிவிட முடியாது, ஈமானோடு சம்பந்தப்பட்ட கேள்வி இது. தக்தீரை நம்புவது நம் கடமை. ஆனால் தக்தீரை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் எப்படி நடந்தார்கள் என்று பாருங்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் பயணம் போகும் வழியில், ஸர்க் என்ற இடத்தில் அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. உடனே அவர்கள் முஹாஜிர்களையும் அன்ஸார்களையும் குறைஷிப் பெரியவர்களையும் தனித்தனியாக அழைத்து ஆலோசனை கேட்டுவிட்டு, மக்களோடு திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கம் போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டு வை என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதும் உங்களுக்குத் தெரிந்ததே. யூஸுஃப் (அலை) அவர்கள் ஏழு ஆண்டு விளைச்சலிலேயே அடுத்த ஏழு ஆண்டுப் பஞ்சத்துக்குத் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள். வரப்போவதை முன்கூட்டி எடைபோட்டு மக்களைக் காப்பது நபிமார்கள் செய்த காரியம். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்த அமானிதத்தைக் கணக்கில்லாமல் வைத்திருப்பது தவக்குல் ஆகாது.

இனி, ஆபத்தை எடைபோடுவது என்றால் என்ன என்று பார்ப்போம். இது பெரிய படிப்பு படித்தவர்களுக்கு மட்டும் புரியும் விஷயம் அல்ல. மூன்று கேள்விகள்தான். என்ன வரலாம்? அது வரும்போது பிள்ளை எங்கே இருக்கும்? அதைத் தாங்க அந்தப் பிள்ளையிடமும் வீட்டிடமும் என்ன இருக்கிறது?

ஒரே தெருவில் இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று கான்கிரீட் மாடி வீடு, வாப்பா ஊரில் இருக்கிறார், பிள்ளைகளுக்குப் பன்னிரண்டும் பத்தும் வயது. அடுத்தது ஓலையும் தகரமும் போட்ட வீடு, வாப்பா சவூதியில் இருக்கிறார், உம்மாவுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை, மூன்று வயதுப் பிள்ளை, நடக்க முடியாத மாமியார். இரண்டு வீட்டுக்கும் அடிக்கப்போவது ஒரே காற்று, பெய்யப்போவது ஒரே மழை. ஆனால் ஆபத்து ஒன்றல்ல. முதல் வீட்டுக்கு ஒரு செய்தி சொன்னால் போதும். இரண்டாவது வீட்டுக்கு ஓர் ஆட்டோவும் இரண்டு வாலிபர்களும் ஒரு பெண் துணையும் போக வேண்டும், அதுவும் காற்று எழுவதற்கு ஆறு மணி நேரம் முன்னால். யார் வீட்டுக்கு யார் போவது என்பதைப் புயலன்று முடிவு செய்ய முடியாது. இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே தெரிந்து எழுதி வைப்பதற்குத்தான் கணக்கு என்கிறோம்.

இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதற்கு நம்மைப் போன்ற தீவு முஸ்லிம்களின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1991 ஏப்ரல் 29 இரவு வங்கதேசத்தின் தென்கிழக்குக் கரையையும் குதுப்தியா, சந்த்வீப் போன்ற தீவுகளையும் பெரும் புயல் தாக்கியது. ஏறத்தாழ 1,38,000 பேர் மவ்த்தானார்கள். அதன் பிறகு நடந்த ஓர் ஆய்வில் தெரிந்த விஷயங்கள் நெஞ்சை அழுத்துகின்றன. ஆய்வு நடந்த பகுதியில் செங்கல் அல்லது கான்கிரீட் கட்டடத்தை எட்டியவர்கள் அனைவரும் பிழைத்தார்கள். எட்டாதவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தார்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. பெண்கள் இறந்ததும் ஆண்களைவிட அதிகம். கணவர் வரட்டும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. ஆண்களும் பெண்களும் கலந்திருக்கும் இடத்துக்கு எப்படிப் போவது என்று தயங்கியவர்கள் உண்டு. தாய் தயங்கினால் இடுப்பில் இருக்கும் பிள்ளையும் அங்கேயே இருந்துவிடுகிறது.

தாய்மார்களே, இதை உங்களைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. உங்கள் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது என்றால், அந்தக் காரணத்தை நீக்குவது ஜமாஅத்தின் பொறுப்பு. ஆகவே மதரஸாவின் மேல்மாடியைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் ஒதுக்கி, தனிக் கழிப்பறை, தனிப் படிக்கட்டு, பால் கொடுக்க மறைவான இடம் ஆகியவற்றோடு தயார் செய்ய வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். கணவர் வெளிநாட்டிலோ கடலிலோ இருந்தால் அவருடைய அனுமதியை இப்போதே, இந்த வாரமே, போனில் கேட்டு வைத்துவிடுங்கள். எச்சரிக்கை வந்தால் அன்று கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது, போனும் வேலை செய்யாது.

வங்கதேசத்தார் அந்த வேதனையோடு நின்றுவிடவில்லை. புயல் பாதுகாப்புக் கட்டடங்களை எழுப்பினார்கள். 1970 பெரும்புயலுக்குப் பின் தொடங்கிய தொண்டர் படையைப் பெருக்கினார்கள். கொடி, மெகாபோன், சைக்கிள் இவற்றோடு வீடு வீடாகப் போய்ச் சொல்லும் சாதாரண ஊர்க்காரர்கள் அவர்கள். 2007-ல் சிடர் என்ற கடும்புயல் வந்தபோது இறந்தவர்கள் ஏறத்தாழ 3,400 பேர். அதுவும் பெரிய இழப்புதான். ஆனால் 1991-ஐ நினைத்துப் பார்த்தால், எத்தனை தாய்மார்கள் தம் பிள்ளைகளைத் திரும்பப் பெற்றார்கள் என்பது புரியும்.

இன்னொரு செய்தி. இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் சிமெலு என்று ஒரு தீவு. அங்கே வாழ்பவர்களும் பெரும்பாலும் முஸ்லிம்கள். 1907-ல் அங்கே நிலம் நடுங்கி, பின்னர் கடல் பொங்கி நிறையப் பேரைக் கொண்டுபோயிற்று. அதிலிருந்து அந்த ஊர் உம்மாமார்களும் பாட்டிமார்களும் பிள்ளைகளுக்கு ‘ஸ்மோங்’ என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு என்பதுதான் அதன் பொருள். தாலாட்டிலும் கதையிலும் அதைச் சொல்லி வளர்த்தார்கள். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவுகளில் அது ஒன்று. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. அவர்களிடம் சைரனும் இல்லை, கருவியும் இல்லை. வீட்டில் பேசிய பேச்சு மட்டும் இருந்தது. நம் வீடுகளில் 1964 பற்றிப் பேசும் மூத்தம்மாமார்கள் இன்னும் சிலர் ஹயாத்தோடு இருக்கிறார்கள். அவர்கள் அருகில் பிள்ளைகளை உட்கார வையுங்கள். பயமுறுத்துவதற்காக அல்ல, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

சரி, நம் தீவின் பிள்ளைகளுக்கு என்னென்ன வரலாம்? வருடத்தைச் சுற்றிப் பார்ப்போம்.

முதலாவது புயல். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றோடு வடகடல் கொந்தளிக்கும் காலம். கடல் மட்டம் உலக அளவில் 1901-லிருந்து 2018-க்குள் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஒரு சாண் அளவுதானே என்று தோன்றும். ஆனால் நம்மைப் போன்ற தாழ்ந்த கரையில், அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தோடு புயல் அலையும் சேரும்போது அந்த ஒரு சாண்தான் வாசற்படியைத் தாண்டும் சாண்.

இரண்டாவது, புயலே இல்லாமல் வரும் மழை. 2023 டிசம்பரில் நம் சகோதர ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மறு ஆண்டு நவம்பரில் நம் ராமேஸ்வரத்திலேயே சுமார் பத்து மணி நேரத்தில் 41 சென்டிமீட்டர். அன்று புயல் கூண்டு ஏறி நாம் எதிர்பார்த்திருந்த நாள் அல்ல. காற்று சூடாகும்போது அது தாங்கி நிற்கும் ஈரமும் கூடுகிறது, அதனால் பெய்யும்போது ஒரேயடியாகப் பெய்கிறது. கூண்டு ஏறவில்லையே என்று இருந்துவிட முடியாத காலம் இது. இந்த மழையில் பிள்ளைகளுக்கு ஆபத்து மூன்று இடங்களில் இருக்கிறது: தண்ணீருக்குள் மறைந்த பள்ளமும் திறந்த கிணறும், அறுந்து கிடக்கும் மின்கம்பி, தண்ணீர் வடிந்த பிறகு வரும் வயிற்றுப்போக்கும் டெங்குவும்.

மூன்றாவது குடிதண்ணீர். நம் தீவில் மணலுக்கு அடியில் மழைநீர் ஒரு மெல்லிய படலமாக உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அதிகமாக இறைத்தாலும், கடல் ஏறி வந்தாலும் கிணறு உவர்த்துவிடும். ஒரு முறை கெட்டால் அது தேற நல்ல மழைக்காலங்கள் சில வேண்டும். மாலத்தீவில் 2014 டிசம்பரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்ததும் தலைநகர் மாலேயே தவித்துப்போனது. நம் நாட்டிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போயிற்று. தலைநகருக்கே அந்த நிலை என்றால், சுற்றிலும் கடல் உள்ள இடத்தில் குடிதண்ணீரின் மதிப்பு என்ன என்பது விளங்கும். பெரியவர் ஒரு நாள் தாகத்தைத் தாங்குவார். வயிற்றுப்போக்கு உள்ள கைக்குழந்தை சில மணி நேரத்தில் சுருண்டுவிடும்.

நான்காவது வெயில். இதைப் பேரிடர் என்று நாம் நினைப்பதே இல்லை. சித்திரை, வைகாசியில் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை உலராது, வியர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது. சிறு பிள்ளைகளின் உடம்பு நம்மைவிட வேகமாகச் சூடேறும். தகரக் கூரையின் கீழ் நண்பகலில் ஓதும் வகுப்பு இனி வேண்டாம். கடும் வெயில் காலத்தில் லுஹர் தொழுகையையே வெப்பம் தணியும்வரை சற்றுத் தாமதப்படுத்த நபி (ஸல்) அவர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள். தொழுகைக்கே அந்தச் சலுகை என்றால் வகுப்பு நேரத்தை மாற்றுவதில் என்ன தடை? உஸ்தாதுமார்கள் சுப்ஹுக்குப் பின்னும் அஸருக்குப் பின்னும் வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஐந்தாவது, கண்ணுக்குத் தெரியாத சேதம். நம்மைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் அலையின் வேகத்தை உடைக்கும் வேலி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2016-ல் கடல் சூடேறியபோது பவளங்கள் வெளுத்து மடிந்தன. பாறை குறைந்தால் மீன் குறையும், மீன் குறைந்தால் கடன் கூடும். கடன் கூடிய வீட்டில் மகன் பள்ளிக்கூடத்தை விட்டு விசைப்படகுக்குப் போகிறான், மகளுக்கு அவசரமாக நிக்காஹ் பேசப்படுகிறது. இதுவும் பருவநிலை ஆபத்துதான். 2021-ல் யூனிசெஃப் நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் சுமார் நூறு கோடி பிள்ளைகள் மிகக் கடுமையான பருவநிலை ஆபத்துள்ள நாடுகளில் வாழ்கிறார்கள். ஆபத்து மிகுந்த அந்த நாடுகளின் வரிசையில் நம் நாட்டுக்கு 26-ஆம் இடம். காற்றும் மழையும் மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை, சுகாதாரம், குடிநீர், கல்வி, வறுமை ஆகியவையும் சேர்கின்றன. நாம் சொல்லும் வீட்டுக் கணக்கும் அதே முறைதான், நம் தெரு அளவுக்குச் சுருக்கியது.

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஜும்ஆவுக்குப் பின் இருவர் இருவராக உங்கள் வீட்டுக்கு வருவோம். ஆண்கள் இல்லாத வீட்டுக்குப் பெண்கள் மட்டுமே வருவார்கள். கேட்கப்போகும் கேள்விகள் இவைதான். வீட்டில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் எத்தனை பேர், யார் யாருக்கு என்ன வயது? கைக்குழந்தை, கர்ப்பிணி, நடக்க முடியாதவர், வலிப்பு அல்லது ஆஸ்துமா உள்ள பிள்ளை உண்டா, அந்த மருந்து எத்தனை நாளுக்கு இருக்கிறது? கூரை ஓலையா, தகரமா, கான்கிரீட்டா? சென்ற மழைகளில் தண்ணீர் எதுவரை வந்தது? அதைச் சுவரில் கைவைத்துக் காட்டினால் போதும், குறித்துக்கொள்வோம். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? இரவில் எச்சரிக்கை வந்தால் வீட்டில் இருக்கும் ஆண் யார்? பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா? பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை உண்டா, எப்போது நின்றது?

கடைசிக் கேள்வி பிள்ளைகளிடமே கேட்கப்படும். பயமாக இருக்கும் இடம் எது, ஓடிப் போவது என்றால் எந்த வழியில் போவாய் என்று கேட்போம். நமக்குத் தெரியாத மூடியில்லாத கிணறும், சாய்ந்து நிற்கும் மின்கம்பமும், நாய் மறிக்கும் சந்தும் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்வதைக் கொண்டு ஒரு தெருப் படம் வரைந்து மதரஸா சுவரில் மாட்டுவோம்.

இந்தக் கணக்கு அமானிதம். வீட்டு வறுமையையோ நோயையோ கடனையோ கூட்டத்தில் வாசிக்க மாட்டோம். தாள்கள் தலைவரிடமும் அறக்கட்டளையிலும் மட்டும் பூட்டில் இருக்கும். உதவித்தொகை குறையுமோ, கூடுமோ என்று எண்ணிப் பதிலை மாற்றிச் சொல்லாதீர்கள். தவறாகச் சொன்ன ஒரு பதிலால் ஆட்டோ வேறு வீட்டுக்குப் போய்விடும்.

கணக்கு நம் வீடுகளோடு நிற்காது. மஹல்லா எல்லைக்குள் வாழும் எல்லா வீடுகளும் இதில் சேரும், எந்தச் சமயத்தாராக இருந்தாலும் சரி. கடல் உள்ளே வரும்போது யார் வீடு என்று கேட்டு வருவதில்லை. பசித்த அண்டைவீட்டாரைப் பற்றிய நம் மார்க்கக் கட்டளையில் சமயம் பிரித்துச் சொல்லப்படவில்லை. மேல்மாடிக் கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கும்.

அடுத்து, பணம். இதுவரை நம் அறக்கட்டளை பெரும்பாலும் சேதம் நடந்த பின்பு கொடுத்து வந்திருக்கிறது. இனி ஒரு பகுதியைச் சேதத்துக்கு முன்பே செலவிட விரும்புகிறோம்: மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி, பேட்டரி விளக்கு, கை ஒலிபெருக்கி, முதலுதவிப் பெட்டி, கிணறுகளுக்கு மூடி, ஓலை வீடுகளுக்குக் கயிறும் தார்ப்பாயும், நீச்சல் பயிற்சி. இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஜகாத் பணத்தில் ஒரு பைசாவும் இதற்குப் போகாது. ஜகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர் என்று அல்லாஹ்வே வரையறுத்துவிட்டான், கட்டடத்துக்கும் கருவிக்கும் அதைத் திருப்ப நமக்கு உரிமை இல்லை. இது ஸதகாவிலிருந்தும், இதற்கென்று நீங்கள் மனமுவந்து தருவதிலிருந்தும் மட்டுமே நடக்கும். வரவு செலவு மாதாமாதம் இந்த இதழில் வெளிவரும். இதைச் செய்யலாமா, வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.

எச்சரிக்கை அறிவிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. வானிலை மையமும் மாவட்ட நிர்வாகமும் சொல்வதை மட்டும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், தலைவர் நியமிக்கும் ஒருவர் மட்டும் அறிவிப்பார். வாட்ஸ்அப்பில் வருவதை வைத்து யாரும் மைக்கைத் தொட வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, ஆம்புலன்ஸ் 108, பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. இந்த மூன்றையும் கதவின் உட்புறம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கடும் மழை இரவுகளில் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கோடு சேர்த்து அறிவிக்கும் வழக்கம் நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே இருந்தது. ஆகவே சிவப்பு எச்சரிக்கை நாளில் மோதினார் அப்படி அறிவித்தால் யாரும் வருத்தப்பட வேண்டாம், அன்று மதரஸாவும் இருக்காது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆதார், பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ், மருந்துச் சீட்டு இவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். மூன்று நாளைக்குத் தேவையான குடிதண்ணீரை மூடிய பாத்திரத்தில் வையுங்கள். பேசத் தெரிந்த பிள்ளைக்கு வாப்பாவின் பெயரும் ஒரு போன் எண்ணும் மனப்பாடமாக இருக்கட்டும், ஃபாத்திஹா சூரா மனப்பாடமான பிள்ளைக்குப் பத்து இலக்கம் பாரமே இல்லை. வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்கும்வரை, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து சிறிது சிறிதாகக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். புயலுக்குப் பின் இரவில் அலறி எழும் பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள், அருகில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே அனுப்பிவிடுங்கள். வழக்கமான நாள் திரும்பிவிட்டது என்பதே அந்தப் பிள்ளைக்குப் பாதி மருந்து.

பெரியோர்களே, தாய்மார்களே! புயலை நிறுத்த நம்மால் முடியாது. ஆனால் நம் மஹல்லாவில் எத்தனை பிள்ளைகள், யார் வீட்டில், யார் கையைப் பிடித்து எங்கே கொண்டுபோவது என்பதைப் புயல் வருவதற்கு முன் தெரிந்து வைத்திருக்க நம்மால் முடியும். சம்மதம் உள்ளவர்கள் வாசலில் இருக்கும் தாளில் வீட்டு எண்ணை எழுதிவிட்டுப் போங்கள். வாலிபர்களில் பதினாறு பேரும், சகோதரிகளில் எட்டுப் பேரும் இந்த வேலைக்குத் தேவை. அவர்களும் பெயர் கொடுங்கள். சம்மதம் இல்லாதவர்கள் இஷாவுக்குப் பின் வந்து காரணத்தைச் சொல்லுங்கள், கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டியது இருந்தால் திருத்திக்கொள்வோம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளையும், கடலுக்குப் போயிருக்கும் எங்கள் ஆண்களையும், எங்கள் அண்டை வீட்டாரையும் நீ பாதுகாப்பாயாக. வரும் மழையை ரஹ்மத்தான மழையாக ஆக்குவாயாக. எங்கள் கையில் இருக்கும் அமானிதத்தைக் கண்விழித்துக் காக்கும் தவ்ஃபீக்கை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.